டேக்அவுட் கடை பீஃப் லோ மெய்ன் வீட்டு அடுப்பில் ஏன் சொதப்புகிறது?

கேள்வி சுருக்கமாக இது: அமெரிக்காவில் சைனீஸ் டேக்அவுட் (பார்சல்) கடைகளில் கிடைக்கும் பீஃப் லோ மெய்னை, அதாவது மாட்டிறைச்சியோடு சாஸில் பிரட்டிய கோதுமை நூடுல்ஸை, வீட்டில் செய்தால் இறைச்சி ரப்பராகிறது, நூடுல்ஸ் கட்டிக்கொள்கிறது, சட்டியின் அடியில் தண்ணீர் தேங்குகிறது, ருசியும் வெறும் சோயா சாஸ் உப்பாக நிற்கிறது. செய்முறையில் சொன்ன அத்தனையும் போட்டும் ஏன் இப்படி?

போட்ட சாமான்களில் பெரிய குறை இருக்காது. இந்த நான்கு புகார்களில் மூன்றுக்குக் காரணம் தண்ணீர். கடைக்காரரிடம் அந்தத் தண்ணீரை நொடியில் விரட்டும் தீ இருக்கிறது, நம்மிடம் இல்லை. உணவகத்து வோக் (குழிவான சீனச் சட்டி) அடுப்பு ஒன்றின் சூடு மணிக்கு 1,00,000 பிடியூவையும் (சூட்டை அளக்கும் அலகு) தாண்டும். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் பெரும்பாலும் 10,000 முதல் 15,000 பிடியூ, அதாவது சுமார் 3 முதல் 4.4 கிலோவாட். அதிலும் ஏறத்தாழ பாதிச் சூடு சட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். 100 கிராம் தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 226 கிலோஜூல் வேண்டும். சட்டிக்குள் 1.5 கிலோவாட் சேருகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்கே இரண்டரை நிமிடம் ஆகும். கழுவிய ஈரத்தோடு போட்ட காய், ஊறல் சொட்டும் இறைச்சி, சரியாக வடியாத நூடுல்ஸ் மூன்றும் சேர்ந்தால் 100 கிராம் தண்ணீர் சாதாரணமாக வந்துவிடும். அந்த இரண்டரை நிமிடமும் சட்டியில் நடப்பது வதக்கல் இல்லை, அவியல்தான்.

கடையின் தீயை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. தீ செய்ய வேண்டிய வேலையைக் குறைக்கலாம். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே ஈரத்தை எடுத்துவிடுவது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சட்டியில் போட்டு எடுப்பது, கடைசியில் மட்டும் ஒன்றுசேர்ப்பது: கீழே சொல்லும் எல்லாமே இதற்காகத்தான்.

லோ மெய்னைத் தேர்ந்தெடுத்ததும் நல்லதாகப் போயிற்று. அகலமான அரிசி நூடுல்ஸில் செய்யும் கன்டனீஸ் பீஃப் ஹோ ஃபன் என்றால், வோக் ஹே எனும் அந்தப் புகைந்த மணம் இல்லாமல் ஒப்பேற்ற முடியாது. அதற்கு நெருப்பு எகிற வேண்டும். லோ மெய்ன் அப்படியில்லை. வேகவைத்த கோதுமை நூடுல்ஸைச் சாஸில் பிரட்டி எடுப்பதுதான் அதன் அடிப்படை. மென்மையாக, சாஸ் பூசி, பளபளவென்று இருந்தால் போதும். வீட்டு அடுப்பில் கடைத் தரத்துக்குப் பக்கத்தில் போகக்கூடிய பண்டம் இது.

அளவுகள், மூன்று பேருக்கு:

இறைச்சிக்கு: கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சி 300 கிராம், ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, தண்ணீர் 1 மேசைக்கரண்டி, லைட் சோயா சாஸ் 2 தேக்கரண்டி, ஷாவோசிங் ஒயின் (சீன அரிசி மது) 2 தேக்கரண்டி, சோள மாவு (கார்ன்ஸ்டார்ச்) 2 தேக்கரண்டி, எண்ணெய் 2 தேக்கரண்டி.

நூடுல்ஸ்: ஃப்ரெஷ் லோ மெய்ன் முட்டை நூடுல்ஸ் 400 கிராம், அல்லது காய்ந்த முட்டை நூடுல்ஸ் 225 கிராம். வடித்தபின் பிரட்ட எண்ணெய் 2 தேக்கரண்டி.

காய்: மொத்தம் 350 கிராம். கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய், வெங்காயத்தாள், முளைப்பயறு.

சாஸ்: லைட் சோயா 2 மேசைக்கரண்டி, டார்க் சோயா 2 தேக்கரண்டி, ஆய்ஸ்டர் சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, உப்பில்லாத சிக்கன் ஸ்டாக் அல்லது வெந்நீர் 3 மேசைக்கரண்டி, சோள மாவு 1 தேக்கரண்டி. விருப்பப்பட்டால் அஜினமோட்டோ கால் தேக்கரண்டி.

சமைக்கும்போது: பூண்டு 4 பல், இஞ்சி ஒரு அங்குலம், ஷாவோசிங் ஒயின் 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி. இறக்கும்போது வறுத்த எள் எண்ணெய் 1 தேக்கரண்டி.

தனியாக உப்பு கிடையாது. லைட் சோயா ஒரு மேசைக்கரண்டியில் மட்டுமே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. நூடுல்ஸ் வேகவைக்கும் தண்ணீரிலும் உப்புப் போட வேண்டாம்.

இறைச்சி

அமெரிக்கக் கடைகளில் ஃப்ளாங்க் ஸ்டேக் (வயிற்றுப் பகுதி இறைச்சி) கேட்டு வாங்குங்கள். சர்லாயின், ஃப்ளாட் அயர்ன் இரண்டும் சரிவரும். 'ஸ்ட்யூ மீட்' என்று துண்டு போட்டு வைத்திருப்பதைத் தொடாதீர்கள். அது ஒன்றரை மணி நேரம் வேக வேண்டிய கறி, ஒன்றரை நிமிடத்தில் மசியாது. 'ஸ்டர் ஃப்ரை பீஃப்' என்று நறுக்கி விற்கும் பொட்டலமும் நம்பகமில்லை. நாரைப் பார்க்காமல் நறுக்கியிருப்பார்கள், பல பாகங்களின் ஒட்டுத் துண்டுகளும் அதில் கலந்திருக்கும். சென்னையிலோ கேரளத்திலோ வாங்குகிறவர்கள் அண்டர்கட் கேட்கலாம். கிடைப்பது எருமைக்கறி என்றால், கீழே சொல்லும் சோடா ஊறலைக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

இறைச்சியை ஃப்ரீசரில் 40 நிமிடம் வையுங்கள். முழுக்க உறையக் கூடாது, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் 3 மில்லிமீட்டர் கனத்தில் சீராக நறுக்க வரும். ஃப்ளாங்கில் நார் நீளவாக்கில் ஓடுவது கண்ணுக்கே தெரியும். முதலில் நார் ஓடும் திசையிலேயே 5 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். பிறகு ஒவ்வொரு பட்டையையும் திருப்பிப் போட்டு, கத்தியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, நாருக்குக் குறுக்கே நறுக்குங்கள். இரண்டு துண்டு நறுக்கியதும் நிறுத்தி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். நாரின் முனைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் சரி. நீளநீளமாகக் கோடுகள் தெரிந்தால் கத்தி தப்பான திசையில் போகிறது, திருப்பிவிடுங்கள். 'ரப்பர் மாதிரி' என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். நாரை நாம் கத்தியால் குட்டையாக்காவிட்டால் அந்த வேலை பல்லுக்குப் போகிறது.

மீதிப் பாதியைச் சோடா தீர்க்கும். நறுக்கிய துண்டுகளில் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவையும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரையும் விட்டுப் பிசிறி 20 நிமிடம் வையுங்கள். காரத்தன்மை ஏறும்போது இறைச்சிப் புரதங்கள் சூட்டில் ஒன்றோடொன்று இறுகிப் பிணைய முடிவதில்லை. அதனால் உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுவதும் குறையும். டேக்அவுட் பீஃப்பின் வழுவழுப்பான மென்மை இங்கிருந்துதான் வருகிறது. விலை குறைந்த பாகம், எருமைக்கறி என்றால் அரைத் தேக்கரண்டி போட்டு 30 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு முறை நன்றாக அலசிப் பிழிந்து, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். அலசாமல் விட்டால் சோப்பு வாடை அடிக்கும். கால் தேக்கரண்டி மட்டும் போட்டால் அலசத் தேவையில்லை. சோடாவில் இரவு முழுக்க ஊறப்போடும் வழக்கம் சிலருக்கு உண்டு. அது மென்மையைத் தாண்டி, கடித்தால் இறைச்சி என்றே தெரியாத கொழகொழப்பில் கொண்டுபோய் விடும்.

அதற்குப் பிறகுதான் சோயா, ஒயின், சோள மாவு. கடைசியாக எண்ணெய். எண்ணெயை முதலில் விட்டால் மற்ற எதுவும் ஒட்டாது. சோள மாவு துண்டைச் சுற்றி மெல்லிய தோலாக நின்று, சாறு வெளியேறாமல் காக்கும். பின்னால் சாஸைப் பிடித்துக்கொள்ளப் போவதும் அந்தத் தோல்தான். பிசிறி முடித்ததும் கிண்ணத்தின் அடியில் திரவம் தேங்கக் கூடாது. தேங்கினால் வடித்துவிடுங்கள்.

ஷாவோசிங் என்பது சீனாவின் ஜெஜியாங் மாகாணத்து ஷாவோசிங் நகரத்தின் அரிசி மது. 'குக்கிங் ஒயின்' என்று மளிகையில் விற்பதில் உப்புச் சேர்த்திருப்பார்கள், லேபிளைப் பார்த்து லைட் சோயாவை ஒரு தேக்கரண்டி குறையுங்கள். ட்ரை ஷெர்ரி நல்ல மாற்று. மது வேண்டாம் என்பவர்கள் அதே அளவு சிக்கன் ஸ்டாக் விடலாம். மணம் ஒரு படி குறையும், பண்டம் கெடாது. வினிகரை மட்டும் அந்த இடத்தில் ஊற்றாதீர்கள்.

நூடுல்ஸ்

ஆசிய மளிகைக் கடைகளில் குளிர்பெட்டியில் லோ மெய்ன் என்றே எழுதி விற்பார்கள். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன், மஞ்சள் நிறம். பல பிராண்டுகளில் அந்த மஞ்சளும் இழுத்தால் திரும்பும் துள்ளலும் மாவில் சேர்த்த காரஉப்பால் (சோடா போன்ற உப்பு) வருபவை, முட்டையின் பங்கு குறைவு. பாக்கெட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வெந்ததா, வேகாததா. மேலே மாவு தூவி, உதிரியாக இருந்தால் வேகாதது. கொதிக்கும் தண்ணீரில் 2 முதல் 3 நிமிடம் வேண்டும். எண்ணெய் பூசி, வழவழவென்று இருந்தால் ஏற்கெனவே வெந்தது. சுடுநீரில் 30 நொடி போட்டு இழைகளைப் பிரித்து எடுத்தால் போதும். இரண்டாவதை முதலாவது போல் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் சட்டிக்குப் போவதற்கு முன்பே சொதசொதத்துவிடும். நூடுல்ஸ் உடைகிறது என்பவர்களில் கணிசமானவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

வேகாத நூடுல்ஸ் 400 கிராமுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும். போடுவதற்கு முன் மேல்மாவை உதறுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரே கஞ்சியாகி இழைகளைப் பசை போல ஒட்டவைக்கும். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு அரை நிமிடம் முன்னால் ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். வடிகட்டியில் கொட்டி, பச்சைத் தண்ணீரில் பத்து நொடி அலசி, நன்றாகக் குலுக்கி வடியுங்கள். பிறகு ஓர் அகலத் தட்டில் பரப்பி 10 நிமிடம் விடுங்கள். ஆவி அடங்கி மேற்பரப்பு காயும். அதன் பின் 2 தேக்கரண்டி எண்ணெய் விட்டு விரலால் பிரித்துவிடுங்கள். ஈரத்தோடு எண்ணெய் விட்டால் எண்ணெய் வழுக்கிக் கீழே போகும், இழையில் நிற்காது. இந்தப் பத்து நிமிடத்தை நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். சட்டியடியில் தேங்கும் தண்ணீரில் நல்ல பங்கு வடிகட்டியிலிருந்து நேராகக் கொட்டிய நூடுல்ஸோடு வந்ததுதான்.

ஃப்ரிட்ஜில் வைத்த வெந்த நூடுல்ஸை அப்படியே போடாதீர்கள். குளிர்ந்த கட்டி சட்டிச் சூட்டை ஒரேயடியாக இறக்கிவிடும், பிரிக்கிறேன் என்று கரண்டியால் குத்தினால் துண்டு துண்டாகும். மைக்ரோவேவில் ஒரு நிமிடம் காட்டி, கையால் உதிர்த்துப் போடுங்கள்.

ஆசியக் கடை பக்கத்தில் இல்லையா? ஸ்பகெட்டி இருக்கிறது. 2 லிட்டர் கொதிநீரில் 2 தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டு ஸ்பகெட்டியை வேகவையுங்கள். காரத்தில் வெந்ததும் நிறம் மஞ்சளேறி, மணமும் துள்ளலும் சீன நூடுல்ஸுக்கு நெருங்கி வரும். சோடா போட்டதும் தண்ணீர் நுரைத்துப் பொங்கும், அதனால் பெரிய பாத்திரமாக எடுங்கள், சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். வடித்தபின் கட்டாயம் அலசுங்கள். இந்தியக் கடைகளில் ஹக்கா நூடுல்ஸ் என்று வரும் மெல்லிய காய்ந்த நூடுல்ஸில் லோ மெய்ன் வராது. அது வேறு பண்டத்துக்கானது: கல்கத்தாவின் சீனக் குடும்பங்கள் வழியாக வந்த இந்தோ-சைனீஸ், வினிகரும் சில்லி சாஸும் போட்டு உதிரியாக வதக்குவது. அதன் ருசி அதற்கு. இரண்டையும் குழப்பி லோ மெய்னில் வினிகர் விடுவதுதான் பிரச்சினை.

காய்

மூன்று வகையே போதும், பட்டியலில் உள்ள ஐந்தைத் தாண்டாதீர்கள். காய் கூடக்கூட ஈரமும் கூடும். எல்லாவற்றையும் 5 சென்டிமீட்டர் நீளக் குச்சிகளாக நறுக்குங்கள். நூடுல்ஸோடு சேர்ந்து சாப்ஸ்டிக்கிலோ முள்கரண்டியிலோ ஏறி வர வேண்டும், சதுரத் துண்டுகள் தட்டின் அடியில் தங்கிவிடும். கழுவுவதைச் சமையலுக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்து, துணியில் பரப்பிக் காயவிடுங்கள். ப்ரோக்கலி போடுவதானால் தனியாக ஒரு நிமிடம் கொதிநீரில் காட்டி வடித்து வையுங்கள். பச்சையாகச் சட்டியில் போட்டால் அது வேகும் நேரத்தில் மற்றவை குழைந்துவிடும். உறைந்த காய்ப் பொட்டலம் இதற்கு உதவாது. கரைந்து வெளிவரும் தண்ணீரை எந்த வீட்டு அடுப்பும் தாங்காது. காளான் பிடிக்குமென்றால் தனியாக, எண்ணெய் குறைவாக விட்டு, அதன் தண்ணீர் வற்றும்வரை வதக்கி எடுத்து வையுங்கள்.

சாஸ்

ருசி வெறும் உப்பாக நிற்பதற்குக் காரணம், ஒரே சோயா சாஸை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்வது. உப்புக்கும் மணத்துக்கும் லைட் சோயா. நிறத்துக்கும் லேசான வெல்லப்பாகு வாசனைக்கும் டார்க் சோயா. கடை நூடுல்ஸின் பழுப்பு நிறம் வரும்வரை லைட் சோயாவை ஊற்றிக்கொண்டே போனால் வாயில் வைக்க முடியாது. இரண்டே தேக்கரண்டி டார்க் சோயாவில் அந்த நிறம் வந்துவிடும். டேக்அவுட் ருசி என்று நாம் உணர்வது பெரும்பாலும் ஆய்ஸ்டர் சாஸின் இனிப்பும் அடர்த்தியும்தான். அதில் சிக்கனம் வேண்டாம். கடல்சிப்பி ஒவ்வாதவர்களுக்குக் காளானில் செய்த சைவ ஆய்ஸ்டர் சாஸ் கிடைக்கிறது, நன்றாகவே இருக்கும்.

எள் எண்ணெய் விஷயத்தில் நம்மவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு: வீட்டில் இருக்கும் நல்லெண்ணெயை விடுவது. சீன, ஜப்பானிய எள் எண்ணெய் கருஞ்சிவப்பாக வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, இதில் விட்டால் வாசனை இட்லிப்பொடிப் பக்கம் போய்விடும். வறுத்த எள் எண்ணெய் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், மாற்று வேண்டாம். இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள். தீயில் அதன் மணம் கருகும்.

அஜினமோட்டோ பற்றி: அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை உப்பு, பேக்கிங் பவுடர் போலப் பொதுவாகப் பாதுகாப்பானது என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. தக்காளியிலும் சீஸிலும் இயல்பாகவே இருக்கும் குளூட்டமேட்தான் அது. கடைச் சுவை வேண்டுமென்றால் கால் தேக்கரண்டி போடுங்கள், மனம் ஒப்பவில்லையென்றால் வேண்டாம். ஆய்ஸ்டர் சாஸிலேயே அனேகமாக ஓரளவு இருக்கும்.

சாஸ் சாமான்கள் அத்தனையையும் ஒரே கிண்ணத்தில் கலக்கி வையுங்கள். சட்டி காய்ந்த பிறகு ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்துகொண்டிருக்க முடியாது.

சட்டி

35 சென்டிமீட்டர் கார்பன் ஸ்டீல் வோக், அடி தட்டையானது, வீட்டு அடுப்புக்கு ஏற்றது. உருண்டை அடி வோக் வீட்டு பர்னரில் ஆடும், சூடும் ஏறாது. வோக் இல்லையென்றால் 30 சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு வாணலி நன்றாகவே வேலை செய்யும், மெல்லிய மலிவு வோக்கைவிடச் சூட்டை அதிகம் பிடித்துவைக்கும். நான்ஸ்டிக்கை இதற்கு எடுக்காதீர்கள். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், இங்கே நமக்கு வேண்டியதோ அந்தச் சூடுதான்.

மின் சுருள் அடுப்பென்றால் நாலைந்து நிமிடம் வெறும் சட்டியைக் காயவிடுங்கள். இண்டக்‌ஷனில் அடி மட்டும்தான் காயும், பக்கச் சுவர்கள் சூடாகாது. 'சாஸை வோக்கின் ஓரத்தில் ஊற்று' என்ற அறிவுரை அங்கே செல்லாது. நடுவில் இடம் ஒதுக்கி ஊற்ற வேண்டும். எண்ணெய் ரீஃபைண்ட் கடலை, சூரியகாந்தி, கனோலா எதுவும் சரி. எக்ஸாஸ்ட் ஃபேனை முதலிலேயே போட்டுவிடுங்கள். அபார்ட்மென்ட்காரர்கள் சமையலறை ஜன்னலையும் திறந்துவையுங்கள், புகை அலாரத்துக்கு லோ மெய்ன் தெரியாது.

அடுப்பில்

இதிலிருந்து மொத்தம் எட்டு நிமிட வேலை. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெந்த இறைச்சியை எடுத்துவைக்கச் சுத்தமான தட்டு ஒன்று வேண்டும். பச்சை இறைச்சி ஊறிய கிண்ணத்திலேயே திருப்பிப் போடக் கூடாது.

சட்டியை முழுத் தீயில் வைத்து, லேசாகப் புகை கிளம்பும்வரை காத்திருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். இறைச்சியில் பாதியை மட்டும், ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். 300 கிராமையும் ஒரே ஈடாகப் போட்டால் சில நொடியில் சத்தம் அடங்கி, சாம்பல் நிறச் சாறு கசியும். அப்புறம் எவ்வளவு கிளறினாலும் சிவக்காது. பரப்பிய பிறகு 45 நொடி கரண்டியை எடுக்காதீர்கள். கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அடிப்பக்கம் பழுப்பேறியதும் துண்டு தானாகச் சட்டியை விடும். திருப்பிப் போட்டு 20 நொடி, அங்கங்கே இளஞ்சிவப்பு மிச்சமிருக்கும்போதே தட்டுக்கு மாற்றுங்கள். மீதியையும் அதே எண்ணெயில் இப்படியே. கடைசியில் இன்னொரு முறை சட்டிக்கு வரும்போது முழுதாக வெந்துவிடும். இப்போதே முழுக்க வேகவைத்தால் முடிவில் கெட்டியாகிவிடும், அவ்வளவு சோடா போட்டதும் வீண்.

அடியில் பழுப்பாக ஒட்டியிருந்தால் ருசிதான், கறுத்திருந்தால் மட்டும் துடைத்தெடுங்கள். மீண்டும் காயவிட்டு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். முதலில் கேரட்டும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும், 40 நொடி. பிறகு முட்டைக்கோஸும் குடைமிளகாயும், ஒரு நிமிடம். பூண்டு, இஞ்சியை இப்போதுதான் போட வேண்டும், காயை ஓரம் ஒதுக்கி நடுவில் 15 நொடி. நம் தாளிப்புப் பழக்கத்தில் பூண்டை முதலில் எண்ணெயில் போட்டால் இந்தச் சூட்டில் பத்து நொடியில் கறுத்து, முழுச் சட்டியும் கசக்கும். சட்டி ஓரமாக ஒரு மேசைக்கரண்டி ஷாவோசிங்கைச் சுற்றிவிடுங்கள். சடசடவென்று பொரிந்து ஆவியாகும். காய் இன்னும் நறுக்கென்று இருக்கும்போதே இறைச்சித் தட்டில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது ஈடு நூடுல்ஸ். மீதி எண்ணெயை விட்டு, நூடுல்ஸைப் பரப்பி, அரை நிமிடம் அசைக்காமல் விடுங்கள். அங்கங்கே லேசாக நிறம் ஏறும். பிறகு இரண்டு கரண்டியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போடுங்கள். வட்டமாகக் கிளறினால் இழை சுருண்டு உடையும். சாஸ் கிண்ணத்தை மறுபடி ஒரு கலக்கு கலக்கி, ஏனென்றால் சோள மாவு அடியில் படிந்திருக்கும், முக்கால் பங்கை ஊற்றுங்கள். நூடுல்ஸ்மேல் ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடம் மட்டும் உறிஞ்சிக் கறுக்கும். கேஸ் அடுப்பில் சட்டியோரமாகச் சுற்றி ஊற்றினால், சாஸ் சூட்டுச் சுவரில் பட்டுக் கொதித்து, சோயாவின் பச்சை வாடை போகும். 40 நொடியில் நூடுல்ஸ் முழுக்க ஒரே நிறம் வரும்.

இறைச்சி, காய், தட்டில் தேங்கிய சாறு அனைத்தையும் கொட்டி, முளைப்பயறும் வெங்காயத்தாளின் பச்சையும் தூவி, ஒரு நிமிடம் தூக்கிப் பிரட்டுங்கள். ஓர் இழையைச் சுவைத்துப் பார்த்து மீதிச் சாஸை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். அணைத்துவிட்டு எள் எண்ணெய். சரியாக வந்திருந்தால் சட்டியடியில் சாஸ் தனியாக ஓடாது, நூடுல்ஸும் வறண்டு தெரியாது.

இடையில் எப்போதுமே காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பொரியும் சத்தம் இறங்கி முணுமுணுப்பாக மாறினால் சட்டி ஆறிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் அடுத்த சாமானைப் போடாதீர்கள். இருபது நொடி விட்டால் சத்தம் திரும்பும், பிறகு தொடருங்கள்.

இன்னும் தவறினால்

தண்ணீர் தேங்கிவிட்டதா? நூடுல்ஸோடு சேர்த்து வற்றவைக்க முயலாதீர்கள், அதற்குள் அது குழைந்துவிடும். எல்லாவற்றையும் தட்டில் கொட்டி, திரவத்தை மட்டும் சட்டியில் கொதிக்கவிட்டுச் சுண்டியதும் திரும்பப் போட்டுப் பிரட்டுங்கள். உப்புக் கரித்தால் ஒரு கைப்பிடி முளைப்பயறோ முட்டைக்கோஸோ தனியாக வதக்கிச் சேர்க்கலாம். சர்க்கரை போட்டு மறைக்கப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து திகட்டும். நூடுல்ஸ் சட்டியில் ஒட்டுகிறதென்றால், ஒன்று சட்டி காயவில்லை, இல்லை புது வோக் இன்னும் எண்ணெய் குடித்துப் பழகவில்லை. மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு புகைய விட்டு ஆறவைப்பதை மூன்று நான்கு முறை செய்தால் பழகிவிடும். கழுவியதும் அடுப்பிலேயே காயவைத்துத் துளி எண்ணெய் தடவி வையுங்கள். சாஸ் போட்டபிறகு ஒட்டுவது சர்க்கரையாலும் மாவாலும், அப்போது ஒரு மேசைக்கரண்டி வெந்நீரை ஓரமாக விட்டால் கழன்றுவிடும்.

ஆறு பேருக்கு வேண்டுமென்றால் அளவை இரட்டிப்பாக்கி ஒரே சட்டியில் போடாதீர்கள். நறுக்குவது, ஊறவைப்பது, சாஸ் கலப்பது எல்லாம் சேர்த்தே செய்யலாம், சட்டியில் மட்டும் இரண்டு தடவை. எட்டு நிமிடம்தானே, முதல் தட்டு ஆறுவதற்குள் இரண்டாவது வந்துவிடும். கோழியில் செய்வதானால் தொடைக்கறி எடுங்கள், அதற்குச் சோடா வேண்டாம், சோள மாவு ஊறலே போதும். ஆனால் கோழியில் இளஞ்சிவப்பு மிச்சம் வைக்கக் கூடாது, முதல் ஈட்டிலேயே முழுதாக வேக வேண்டும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சூடாக்க, வாணலியில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி ஒரு நிமிடம், பிறகு திறந்து ஒரு நிமிடம் நல்ல தீயில். முளைப்பயறு அதற்குள் துவண்டிருக்கும், புதிதாகக் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம்.